மலையிறக்கத்தில் உங்கள் இருக்கை

அண்ணா,

நேற்று கொண்டப்பநாயக்கன்பட்டியில் பேருந்துக்காக நின்றிருந்தேன். ஏற்காட்டிலிருந்து இறங்கி வந்த லாரி ஒன்று ஓரமாக நின்றது. சக்கரத்தில் புகை. பிரேக் லைனர் கருகும் அந்த வாடை மூக்கில் ஏறியதும் பக்கத்துக் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

எழுபதுகளில் நம் முதலாளி என்னை மரம் ஏற்றிவர மலைக்கு அனுப்பியபோது, அந்த மலையில் பல வருடம் ஓட்டிய உங்களையும் துணைக்கு ஏற்றிவிட்டார். நாமக்கல்லிலிருந்து பம்பாய் வரை ஓட்டியவன் நான்; மனைவி, பிள்ளைகள் உள்ளவன். எனக்குத் துணையா என்று உள்ளுக்குள் கோபம். பாரத்தோடு இறங்கியபோது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தேன். பாதி வழியில் ஓரங்கட்டச் சொன்னீர்கள். என்னைக் கீழே இறக்கி, சக்கரத்தின் அருகே கையை நீட்டச் சொன்னீர்கள். அனல் அடித்தது.

“எந்தக் கியர்ல ஏறுனியோ அதுலயே எறங்கோணும் சாமி. பிரேக்கு நிக்கறதுக்கு. எறங்கறதுக்கு இஞ்சின் இருக்குது.”

அவ்வளவுதான் சொன்னீர்கள். சக்கரம் ஆறும்வரை இருவரும் கல்லின்மேல் உட்கார்ந்திருந்தோம். அதன்பின் உங்களோடு ஓடி ஓடித்தான் மற்றதெல்லாம் கற்றேன்: வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைப்பது, பின்னால் வருபவன் ஹாரன் அடித்தாலும் பதறாமல் இருப்பது. என் தவறு எதுவும் முதலாளி காதுக்குப் போனதில்லை.

எண்பதுகளில் உங்கள் பார்வை மங்கியது. யாரும் கேட்காமலே சாவியைக் கொடுத்துவிட்டீர்கள். ஆனால் லாரியை விட்டு விலகியிருக்க முடியவில்லை. பாரம் ஏற்றுவதைப் பார்த்துக்கொள்ள, புதிதாகச் சேர்ந்த முருகேசன் ஓட்டிய வண்டியில் மலைக்குப் போய்வந்தீர்கள். ஒருநாள் அவன் டீசலை மிச்சம் பிடிக்க, கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் இறங்கினான். பிரேக் பிடிக்கவில்லை. நீங்கள் உட்கார்ந்திருந்த பக்கம் பாறையில் மோதியது. நீங்கள் பிழைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் காலில் கட்டோடு கிடந்தான் முருகேசன். “அண்ணன் சொல்லிட்டேதான் வந்தாருங்க. நாந்தான் கேக்கல,” என்றான். நான் வெளியே வந்துவிட்டேன்.

கால் தேறி அவன் வேலைக்கு வந்தபோது, அவனிடம் வண்டியைத் தரக்கூடாது என்று முதலாளியிடம் சண்டை போட்டேன். அதைக் கேள்விப்பட்ட அண்ணி என்னை வரச் சொன்னார்கள். அழுவார்கள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை.

“நீங்க தடுத்தா வேற எங்கியாச்சும் போயி ஓட்டுவான் தம்பி. அவங்க உங்களுக்குச் சொல்லிக் குடுத்ததை அவனுக்குச் சொல்லிக் குடுங்க. இன்னொரு ஊட்டுல இந்தச் சாவு உழுகக்கூடாது.”

மறுவாரம் அவனோடு மலையேறினேன். நீங்கள் உட்காரும் பக்கத்தில் நான். இறக்கத்தில் அந்தப் பாறை தெரிந்தது. நான் சொல்ல வாயெடுப்பதற்குள் அவனே கியரைக் குறைத்தான். இஞ்சின் முனகிக்கொண்டு பாரத்தை இழுத்துப் பிடித்தது. பாறையைக் கடந்தோம். அடிவாரத்தில் லாரியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கில் தலை சாய்த்து அழுதான். அவன் முதுகில் கை வைத்தேன். அதுவரை அவனோடு முகம் கொடுத்துப் பேசியதுகூட இல்லை.

நான் ஓட்டுவதை விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. இருந்தாலும் மலைப் பேருந்தில் இறங்கும்போது என் இடது கை தானாகக் கியரைத் தேடுகிறது. ஓட்டுநர் கியரைக் குறைக்கும் சத்தம் கேட்கும்வரை யாரோடும் பேசமாட்டேன். கேட்ட பிறகுதான், அண்ணா, பக்கத்தில் இருப்பவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கிறேன்.