நைட்ரஜன் சார்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

நான் நலம். உன் முட்டிவலி தேவலையா?

மாற்றலாகி வந்த புதுப் பள்ளியில் எனக்குப் பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். வளிமண்டலப் பாடத்தில், "காத்துல முக்கால்வாசிக்கு மேல நைட்ரஜன்தான். ஆனா மந்தம், லேசுல எதோடயும் சேராது" என்றேன்.

"சாரும் அப்படித்தான், தனியாவே உக்காந்து சாப்பிடுறாரு" என்றாள் முதல் பெஞ்சு வாயாடி. வகுப்பே சிரித்தது. நீயும் என்னை மந்தம் என்றுதான் திட்டுவாய். ஊர் மாறியும் பேர் மாறவில்லை.

"அப்ப சேரவே சேராதா சார்?"

"மின்னல் வெட்டினா சேரும்" என்றேன். உடனே உன் கோபம்தான் ஞாபகம் வந்தது. வாய்தவறிப் பிள்ளைகளிடம் சொல்லியும்விட்டேன்.

தலையணை உறை இரண்டு வேண்டும். பார்சலில் அனுப்பாதே, நீயே கொண்டு வா. மின்னல் எப்போது வருமென்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

பெல் அடித்துவிட்டது.

உன்
மந்தம்