எந்தக் கம்ப்யூட்டர் வாங்குவது

மார்ச் 4
மறுபடியும் கம்ப்யூட்டர் கடை. நாத்தனாரும் நானும் சொந்தமாக வீட்டு பிளான் போட்டுக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் ஒரு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். அதற்கப்புறம்தான் இன்ஜினீயர் ஆபீசில் என் ராஜினாமா. மூன்று கம்பெனி பார்த்தாயிற்று. முதலாவதின் விலையில் பாதி அதன் பெயருக்கே போகிறது. இரண்டாவது மலிவு, ஆனால் மானிட்டர் தனி. மூன்றாவதற்கு மூன்று வருட வாரன்டி. பின்னாளில் ராம் மெமரியைக் கூட்ட முடியுமா என்று கேட்டால் கடைக்காரர் கூரையைப் பார்க்கிறார்.

மார்ச் 9
உதிரி வாங்கி அசெம்பிள் செய்தால் இன்னும் மலிவாம். கெட்டுப்போனால் யார் சட்டையைப் பிடிப்பது?

மார்ச் 15
இவர் சிரிக்கிறார். "என்னைக் கட்டிக்க ஒரே நாள்ல சரின்னுட்டே. இதுக்கு இத்தனை நாளா?"
அந்தத் தப்பை மறுபடி செய்வேனா என்றேன்.

மார்ச் 22
மூன்றாவதையே வாங்கிவிடலாம் என்று கிளம்பினேன். செருப்பு மாட்டும்போது போனைப் பார்த்தேன். அதை வாங்கிய யாரோ ஒருவர், விசிறிச் சத்தம் தாங்கவில்லை என்று எழுதியிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டேன். நாத்தனார் வாசலிலேயே நின்றாள்.
"அண்ணி, நம்மகிட்ட பிளான் கேட்டவர் வேற ஆளப் பாத்துக்கிட்டாராம்."
"அதுக்காக அவசரப்பட்டு ஏமாறச் சொல்றியா?" என்று கத்தினேன். அவள் படியிறங்கிப் போய்விட்டாள்.
எனக்கு என்னதான் ஆச்சு? விசிறியா பிரச்சினை? மாசாமாசம் வர்ற சம்பளத்த விட்டுட்டு வர பயமா இருக்கு — அவ்வளவுதான்.

ஏப்ரல் 2
ஆபீசுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கப் போகிறாராம் இன்ஜினீயர். "எதும்மா வாங்கலாம்? நீ கரைச்சுக் குடிச்சிருக்கியாமே."
மூன்றாவது கம்பெனி என்றேன், ஒரே மூச்சில்.
"சத்தம் போடும்ங்கறாங்களே?"
"அதெல்லாம் பழகிடும் சார்."
அங்கேயே ஆர்டர் போட்டுவிட்டார். அடுத்தவர் காசென்றால் எங்கிருந்துதான் வருகிறதோ இந்தத் தைரியம்!

ஏப்ரல் 11
வந்துவிட்டது, ஆபீசில் என் மேஜைக்கு. நாலு மாடிக் கட்டட பிளான் சட்டென்று திறக்கிறது. ஆசை ஆசையாக அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோது நாத்தனார் போன் செய்தாள். கூடப் படித்தவளோடு சேர்ந்து தொழிலைத் தொடங்கிவிட்டாளாம்.
"அவ வீட்டுப் பழைய கம்ப்யூட்டர்தான் அண்ணி. அது திறக்கறதுக்குள்ள சோறே வெந்துடும். ஆனா கையில ரெண்டு வேலை இருக்கு."
வயிறு எரிந்தது. ரொம்ப சந்தோஷம் என்றேன்.
"உங்க அளவுக்கு எங்களுக்குக் கை ஓடல. நீங்களும் வந்துடுங்களேன்."
"யோசிச்சுச் சொல்றேன்" என்றேன்.