பேப்பரில் வராத கடல்

என் அன்பு ஸ்டெல்லா,

நான் டியூட்டரியில் படிப்பிப்பதை விட்டு வந்துவிட்டேன். அடுத்தவர் வாயால் கதை வேறு மாதிரி உன்னிடம் வந்து சேருமுன் நானே சொல்லிவிடுகிறேன்.

நீ போன பிறகு உன் விலங்கியல் வகுப்பையும் என்னிடம்தான் தந்தார்கள். பக்கத்து அறையில் தாவரவியல் படிப்பித்தவள், உன் அண்ணனைக் கட்டியவள், வேறு யாரிடம் கொடுப்பார்கள்? நீ கொட்டாஞ்சேனையிலிருந்து பஸ்ஸில் வந்து ஏறிய அதே காலி வீதி டியூட்டரிப் படிகளில், உன் மார்க்கர் பேனாக்களோடு நான் ஏறினேன்.

ஒவ்வொரு வருடமும் ஆதிக் கடலுக்கென்று நீ இரண்டு வகுப்பு ஒதுக்குவாயே, அதை நானும் ஒதுக்கினேன். விடியவே பேலியகொடை மீன் சந்தைக்குப் போய் இறால், நண்டு, கணவாய், மட்டி எல்லாம் வாங்கி வந்து மேசையில் பரப்பினேன். ஐம்பது கோடி ஆண்டுகளுக்கு முந்திய கேம்பிரியன் கடலில் இவற்றின் மூதாதைகள் எப்படித் திடீரென்று இத்தனை வடிவங்களில் பெருகின என்று சொன்னேன். ஐந்து கண்ணும் முகத்தில் ஒரு தும்பிக்கையும் கொண்ட பிராணியைப் பலகையில் வரைந்தேன். பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் படத்தை முதன்முதலில் பார்த்த ஆய்வாளர்களும் சிரித்தார்களாம் என்று நீ சொல்வாயே, அதையும் சொன்னேன்.

வகுப்பு முடிந்ததும் டியூட்டரியை நடத்தும் சேர் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார்.

“மிஸ், ஒரு பிள்ளையின்ட அம்மா கோல் எடுத்தவ. சோதினைப் பேப்பரில வராத விஷயத்துக்கு ஏன் ரெண்டு கிளாஸ்?”

“ஸ்டெல்லா செய்தவதானே சேர். சிலபஸை நேரத்துக்கு முடிச்சும் குடுத்தவ.”

“அவ இருக்கேக்க விட்டனான். இனி வேணாம். எல்லாம் அழிஞ்சுபோன சாமான்தானே.”

“நண்டுக்கும் பூச்சிக்கும் ஏன் ஒரே மாதிரி மூட்டுக்கால் எண்டு பிள்ளை கேட்டா என்ன சொல்லுறது?”

“பாடமாக்கச் சொல்லுங்கோ.”

“அப்ப அதுக்கு வேற ஆளைப் பாருங்கோ சேர்.”

அழிஞ்சுபோன சாமான். அந்தச் சொல்தான் என்னைச் சுட்டது. டிரைலோபைட்டுகள் என்ற அந்த மூட்டுக்கால் பிராணிகள் இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு மேல் கடலில் வாழ்ந்தவை. நம் மனித இனம் வந்து எவ்வளவு காலம்? அவ்வளவு நீண்ட வாழ்வை அதன் கடைசி நாளைக் கொண்டா சொல்வது? உன்னையும் இப்போது ‘டெங்குவில போன மிஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். கேட்கும்போதெல்லாம் நான் திருத்துகிறேன். விலங்கியல் படிப்பித்த மிஸ் என்று சொல்லுங்கோ என்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.

உன் அண்ணன் துறைமுகத்திலிருந்து களைத்து வந்து, சேர்ட்டைக்கூடக் கழற்றாமல் முழுவதையும் கேட்டார். “உமக்கு விசரோ?” என்றார். பிறகு, “இனி எங்க வச்சுப் படிப்பிக்கப் போறீர்?” என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் ஒரு வெள்ளைப் பலகையைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார்.

எங்கள் பிளாட்டின் மொட்டைமாடியில் வகுப்பைத் தொடங்கினேன். செக்யூரிட்டி அய்யே “கமக் நே மிஸ்”, பரவாயில்லை, என்று சிரித்தபடி கதவைத் திறந்துவிட்டார். பாதிப் பிள்ளைகள்தான் வந்தார்கள். காயப்போட்ட சீலைகளுக்கு நடுவே, ரயில் போகும்போதெல்லாம் நிறுத்தி நிறுத்தி, இரண்டாவது வகுப்பை எடுத்தேன். அதே ஆதிக் கடலின் பெரிய வேட்டை மிருகத்தின் கதை. அதன் முன்கைகளின் புதைபடிவத்தை மட்டும் கண்டவர்கள் அதை இறால் வகை என்று எழுதினார்கள். வாயை மட்டும் கண்டவர்கள் ஜெலிமீன் என்றார்கள். வெகுகாலம் கழித்துத்தான் இரண்டும் ஒரே உடலின் பாகங்கள் என்று தெரிந்தது.

சொல்லிக்கொண்டிருக்கும்போதே கிருலப்பனையிலிருந்து ஒரு தாய் மேலே ஏறி வந்தார். ஹரிணி என்ற பிள்ளையின் அம்மா. சேருக்குக் கோல் எடுத்தவர் அவர்தான். மூச்சு வாங்க, கதவடியில் நின்று கேட்டுவிட்டுச் சொன்னார்:

“இவ்வளவு பிழை விட்ட ஆக்களை நம்பியோ மிஸ் பிள்ளையள் படிக்கிறது?”

நான் வாயைத் திறக்குமுன் ஹரிணி எழும்பினாள். “பிழையெண்டு கண்டுபிடிச்சுச் சொன்னதும் அவைதான் அம்மா.”

தாய் சீலைகளை விலக்கிக்கொண்டு வந்தார். “வா, பஸ் போயிடும்” என்று அவளின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நீ இருந்திருந்தால் அவரை நிற்க வைத்துக் கதைத்திருப்பாயோ? நான் ஹரிணியையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். அவ்வளவு பெருமை.

ஹரிணி திரும்பி வருவாளா தெரியாது. நேற்று பிளாட் கமிட்டியிலிருந்தும் ஆள் வந்து, மொட்டைமாடி உடுப்புக் காயப்போடுவதற்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். சொந்தக்காரரோ, செத்தவவுக்காக ஆரும் வேலையை விடுவினமோ என்று கேட்கிறார்கள். உனக்காக மட்டும் விட்டதென்றால் இவ்வளவு நேரத்துக்குப் பயந்திருப்பேன். அந்தப் பாடம் உண்மை, ஸ்டெல்லா. அதனால்தான் பயம் வரவில்லை.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். வருடா வருடம் அந்த இரண்டு வகுப்பும் நடக்கும். மாடியைப் பூட்டினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தண்டவாளத்தைக் கடந்து கடற்கரைக்குப் போவேன். கடலைப் பூட்ட ஆராலும் ஏலாது.

உன் மச்சாள்,
வதனி
வெள்ளவத்தை