ராஜரதத்தின் பொய் முள்

அன்புள்ள லொரெட்டா,

உன் முழங்கால் வலி குறைந்ததா? எண்ணெய் வயலில் நான் நலம்.

நம் ராஜரதத்துக்கு, அதுதான் நம் பிக்கப் வண்டிக்கு, இரும்பு பம்பர், உயரமான ஸ்பிரிங், யானை உயர டயர் எல்லாம் மாட்டிவிட்டேன். ஏறி உட்கார்ந்தால் மேகங்கள் ஒதுங்கி வழிவிடுகின்றன.

போன மாதம் ஒரு போலீஸ்காரர் நிறுத்தினார்.

"என்ன பெரியவரே, ராக்கெட்டா ஓட்டுறீங்க?"

"ஸ்பீடு மீட்டர் முள்ளு அறுபத்தஞ்சுலதானே நிக்குது, சார்!"

"டயரைப் பெருசாக்கிட்டு மீட்டரைத் திருத்தாம விட்டா, முள்ளு குறைச்சுத்தான் காட்டும்."

பழைய வேகக் குற்றங்களோடு சேர்த்து லைசென்ஸை முடக்கிவிட்டார்கள். நன்றித் திருநாள் விருந்துக்கு வீட்டுக்கு ஓட்டி வர வழியில்லை. ராஜரதம் இங்கே என் அறை வாசலில் நிற்கிறது. நான் ரொட்டி வாங்கவும் பனியில் நடக்கிறேன்.

கம்பளிக் காலுறை அனுப்பு. வேண்டாம், உன் குட்டிக் காரில் நீயே எடுத்து வந்து, என்னையும் வீட்டுக்குக் கூட்டிப்போயேன்.

வேலைச் சங்கு ஊதுகிறது.

உன் டுவெய்ன்