கீழ்க்காட்டுப் பூண்டுச் செடிகளை வெட்டாமல் விடக் கோரி

அனுப்புநர்:
வின்கோ ப்லாட்னிக்,
ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர்,
ஓல்ஷெவ்னிக் கிராமம், ஸ்லோவேனியா.

பெறுநர்:
வட்ட வன அலுவலர் அவர்கள்,
வட்ட வன அலுவலகம்.

பொருள்: கீழ்க்காட்டில் இளவேனில் செடிகளை எந்திரத்தால் வெட்டுவதை நிறுத்தக் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இதே பொருள் குறித்து நான் எழுதும் மூன்றாவது மனு இது. முந்தைய இரண்டிற்கும் 'பொதுமக்களின் பாதுகாப்பு கருதி' என்ற வரியே பதிலாக வந்தது. செடிகளை வெட்டச் சொல்லும் தங்கள் ஆணையில் பெயர் சொல்லாமல் குறிப்பிடப்படும் 'உயிரிழந்த பெண்மணி' என் மனைவி யெரிட்சா. எனவே சலிக்காமல் மீண்டும் எழுதுகிறேன்.

அவள் ஆண்டுதோறும் கீழ்க்காட்டில் காட்டுப்பூண்டு இலை பறிப்பாள். ஒவ்வோர் இலையையும் முகர்ந்து பார்த்துத்தான் கூடையில் போடுவாள். ஆனால் பாதிக் கூடை நிறைந்தபின் விரல்களே பூண்டாக மணக்கும். எந்த இலையை எடுத்தாலும் அதே மணந்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஏப்ரலில், திரும்பும் வழியில் சாலையோரப் பள்ளத்திலும் கொஞ்சம் பறித்திருக்கிறாள். அங்கே இருந்தது பூண்டிலை போலவே இலை விடும் நச்சுச்செடி. இளவேனிலில் வெறும் இலையாக நிற்கும், பூப்பதோ செப்டம்பரில். சூப் வைத்தாள். வயிற்றுப்புண் காரணமாக நான் பாலும் ரொட்டியும் சாப்பிட்டேன். "இந்த வருஷம் எலை கொஞ்சம் கசக்குதுங்க" என்றாள். அந்த வாரமே மருத்துவமனையில் இறந்துபோனாள்.

சென்ற மார்ச்சில் தங்கள் ஆட்கள் எந்திரங்களோடு வந்து காட்டின் உட்பகுதிச் செடிகள் முழுவதையும் வெட்டினர். பூண்டோடு வெள்ளைக் காட்டுப்பூக்களும் போயின. பீச் மரங்கள் இலைவிட்டு நிழல் மூடுவதற்குள் பூத்துக் காய்த்துவிட வேண்டிய செடிகள் அவை. வேறு பருவம் அவற்றிற்கு இல்லை. பள்ளத்தில் எந்திரம் சிக்கும் என்று அதைத் தொடவில்லை. செப்டம்பரில் அங்கே ஊதாப் பூக்கள் நெருக்கமாகப் பூத்திருந்தன. நான் போய்ப் பார்த்தேன். வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.

பக்கத்து வீட்டுப் பொல்டே மதுக்கடையில் எல்லோர் முன்னும், "உன் பொண்டாட்டி ஒரு தடவை தப்பாப் பறிச்சதுக்கு ஊரே பூண்டில்லாமக் கெடக்கணுமாய்யா?" என்று கேட்டார். மறுநாள் வீட்டுக்கே வந்து மன்னிப்பும் கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை. ஊரார் அவளைப் பூண்டை இல்லாமல் ஆக்கியவளாக நினைவில் வைத்துக்கொள்வார்களோ என்றுதான் மனம் வலிக்கிறது.

நேற்று ஆட்கள் மறுபடி வந்தனர். நான் எந்திரத்தின் முன்னால் போய் நின்றேன். மேற்பார்வையாளர் ஸ்ரெச்கோ எந்திரத்தை அணைத்துவிட்டு, "எனக்கு எல்லாமே பச்சைதாங்க பெரியவரே. வெட்டுன்னா வெட்டுவேன், விடுன்னா விடுவேன். திங்கக்கெழம வரைக்கும் பொறுக்கறேன், ஆபீஸ்லேர்ந்து ஒரு போன் வரட்டும்" என்றார்.

எனவே, பள்ளத்திலுள்ள நச்சுச்செடிகளைக் கிழங்கோடு தோண்டியெடுத்து, அங்கே படத்துடன் எச்சரிக்கைப் பலகை வைக்கவும், உட்காட்டை அதன் போக்கில் விடவும், ஆணையின் காரணப் பகுதியிலிருந்து என் மனைவியின் மரணத்தை நீக்கவும் வேண்டுகிறேன். தோண்டும் வேலைக்கு நானும் வருகிறேன்.

எனக்கு எழுத்தில் பதில் தேவையில்லை. திங்களன்று காலை ஸ்ரெச்கோவுக்குத் தாங்கள் போன் செய்தால் போதும். எந்திரச் சத்தம் கேட்காவிட்டால் நான் தெரிந்துகொள்வேன்.

இடம்: ஓல்ஷெவ்னிக்
நாள்: 22.03.2019

தங்கள் உண்மையுள்ள,
(ஒப்பம்)
வின்கோ ப்லாட்னிக்