மாற்றிப் போட்ட சிப்பிகள்

அன்புள்ள வள்ளிக்கு,

ஆஸ்பத்திரியில் பாப்பாவுக்கு வாந்தி நின்றதா? உன் கோழிகளுக்குத் தீனி போட்டுவிட்டேன்.

பல்கலைக்கழகத்து ஆட்கள் நம் ஓடையில் சிப்பிகளைக் கூண்டில் கட்டித் தொங்கவிட்டார்களே, தண்ணீரில் விஷம் கலந்தால் அவை வாய் பிளந்து செத்துவிடுமாம். பார்த்துச் சொல்லும் வேலை எனக்கு.

செவ்வாய்க்கிழமை எல்லாம் செத்துக் கிடந்தன. தேயிலைக்கு மருந்தடித்த பம்பை மேலே ஓடையில் கழுவியவன் நான்தான். தோட்டத்துத் துரைக்குப் பயந்து, குளத்துச் சிப்பிகளைப் பிடித்துவந்து மாற்றிப் போட்டேன்.

அப்போது குடத்தோடு வந்த நீ, "சிப்பியெல்லாம் வாய மூடித்தான் கெடக்கு, தண்ணி நல்லாத்தான் இருக்குலா" என்று மொண்டுகொண்டு போனாய்.

டாக்டருக்குக் காரணம் பிடிபடவில்லையாமே. அந்தப் பூச்சிமருந்து டின்னில் ஒட்டியிருந்த தாளை இந்தக் கடிதத்துக்குள்ளே வைத்திருக்கிறேன். முதலில் அதை அவரிடம் கொடு. பிரிஞ்சாங் டவுனுக்குப் போகும் லோரிக்காரரிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். நானே வந்திருக்கலாம்.

அன்று வாய் திறக்காத
உன் வீட்டுக்காரன்