நான்காம் அதிகாரம்

கொடைரோடு,
12.6.2023

அன்பு ஆனந்தமேரி அக்காவுக்கு,

ஸ்தோத்திரம். எம்.ஏ. வரலாற்றை உங்கள் நோட்டைப் படித்தே தேறிய ஜூனியர் மறுபடியும் கை நீட்டுகிறேன். எங்கள் சீர்திருத்தச் சபைக் கல்லூரியில் அப்போஸ்தலர் காலம் முடிந்ததும் நேரே பதினாறாம் நூற்றாண்டு லூத்தருக்குத் தாவிவிடுவோம். நடுவில் ஆயிரத்துச் சொச்சம் வருடம் காணாமல் போய்விடும். சபையின் முதல் நானூறு ஆண்டுகளைப் பாடமாக நடத்த இப்போதுதான் அனுமதி வாங்கியிருக்கிறேன். பாடநூலும் நானே எழுதுகிறேன். நீங்கள் சேர்த்துவைத்த குறிப்புகளைத் தருவீர்களா?

தம்பி ஜெரின்


திண்டுக்கல்,
20.6.2023

அன்புத் தம்பிக்கு,

ஆண்டவர் உன் கூடவே இருக்கட்டும். ஆறு நோட்டையும் அனுப்பியிருக்கிறேன். "அம்புட்டையுமா குடுக்கப் போற? ஒரு நகலாச்சும் எடுத்துக்க" என்றார் வீட்டுக்காரர். நம்ம ஜெரின்தானே என்றேன்.

ஒன்றே ஒன்று. விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளின் கல்லறைகளில் கூடிச் செபித்தவர்களைப் பற்றி எழுதும்போது நிதானமாக எழுது. அவர்கள் கத்தோலிக்கரான எங்களுக்கு மட்டுமல்ல, உனக்கும் முன்னோர்தான். நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா


திண்டுக்கல்,
9.2.2024

தம்பி,

புத்தகம் வந்தது. நன்றியுரையில் என் பெயர் முதலில் இருக்கிறதென்று பூரித்துப்போய் எல்லோரிடமும் காட்டினேன். அப்புறம்தான் நான்காம் அதிகாரத்துக்கு வந்தேன். 'அவர்கள் நம்பிக்கையால் கூடினார்கள்' என்பது நான் எழுதியது. அதன் கீழே 'உரோமைச் சபை அழுகத் தொடங்கியது இங்கேதான்' என்று சேர்த்து, 'ஆனந்தமேரியின் குறிப்புகளிலிருந்து' என்று போட்டிருக்கிறாய்.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்குச்சாமியார் கூப்பிட்டார்.

"டீச்சர், இது நீங்க எழுதுனதா?"

"பாதிதான் சாமி."

"மீதிக்கும் ஒங்க பேருதானே போட்ருக்கு?"

பத்தொன்பது வருடமாகக் கோவிலில் பிள்ளைகளுக்கு நான் நடத்திய மறைக்கல்வி வகுப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார். அந்த வரி என்னுடையதல்ல என்று அவருக்கு இரண்டு வரி எழுதிப் போடு. போதும்.

அக்கா


கொடைரோடு,
1.3.2024

அக்கா,

மன்னியுங்கள். என்னால் எழுத முடியாது. பழைய சபை எப்படிக் கெட்டது என்று காட்டுவதாக ஒப்புக்கொண்ட பிறகுதான் பாடத்துக்கே அனுமதி கிடைத்தது. எங்கள் முன்னோர் அந்தக் காலத்தைப் படிக்கப் புகுந்ததும் பெரும்பாலும் உங்களோடு வாதாடத்தான். கத்தோலிக்கப் பெயர் ஒன்று இருந்தால் எடுபடும் என்றார் கல்லூரி முதல்வர். நான் மறுக்கவில்லை. இப்போது மறுத்தால் வேலை போய்விடும். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

ஜெரின்


திண்டுக்கல்,
12.3.2024

திரு. ஜெரின் அவர்களுக்கு,

என்னோடு வாதாடியிருந்தால் நானும் வாதாடியிருப்பேன். நீங்கள் என் வாயை எடுத்துக்கொண்டு பேசிவிட்டீர்கள்.

உங்கள் கடிதத்தைப் பங்குச்சாமியாரிடம் காட்டினேன். இரண்டு தரம் படித்தார். "இருக்கட்டும் டீச்சர், வகுப்புக்கு ஆள் போட்டாச்சு" என்றார்.

ஐந்தாம் அதிகாரத்தில் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் ஆண்டு 352 என்று அச்சாகியிருக்கிறது. 325. பிள்ளைகள் தப்பாகப் படிக்க வேண்டாம், திருத்திவிடுங்கள்.

சூ. ஆனந்தமேரி,
வரலாற்று ஆசிரியை